'சுத்த சைவம்' என்றால் அதில் என்ன கலந்திருக்கிறது?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் 'உணவும் ஜாதியும்' என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைப் பார்த்ததும் மாட்டுக்கறியைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். மாட்டுக்கறியைப் பற்றிப் பேச இங்கே என்னைவிட நன்றாகப் பேசுகிற தோழர்கள் இருக்கிறார்கள், நன்றாகச் சமைக்கிற தோழர்களும் இருக்கிறார்கள். நான் இன்றைக்குப் பேசப் போவது கீரை, கேழ்வரகு, தேங்காய்ப்பால் இவற்றைப் பற்றி. கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய்கூட இல்லாத ஒரு உணவகத்தில் போய்ச் சாப்பிட்டதைப் பற்றி. 'இவருக்கு என்ன ஆயிற்று, அந்தப் பக்கம் போய்விட்டாரா' என்று பின்வரிசையில் ஒரு தோழர் சிரிக்கிறார். கொஞ்சம் பொறுங்கள்.

என் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்குப் பால் ஒவ்வாது. பால் குடித்தால் வயிறு உப்புகிறதே, அது வேறு. அது பாலில் உள்ள சர்க்கரை செரிக்காததால் வருவது. இவனுக்குப் பாலில் இருக்கிற புரதமே எதிரி. ஒரு கரண்டி மோர் போதும், உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு இரைக்கும். அரசுப் பள்ளி ஆசிரியையான நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததைவிட, இவனுக்காகப் பாடம் படித்ததுதான் அதிகம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் என் இணையரும் மகனும் ஒரு பெரிய சைவ ஓட்டலுக்குப் போனோம். பெயர் வேண்டாம். வாசலில் 'உயர்தர சைவ உணவகம்' என்று பலகை. பையன் ஆப்பம் கேட்டான். ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் வைத்தார்கள். நான் சப்ளையர் தம்பியிடம், 'இதில் பசும்பால் ஏதாவது கலப்பீர்களா தம்பி? பையனுக்கு ஒத்துக்காது' என்று கேட்டேன். அவர் உள்ளே போய்க் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே, 'நம்மது சுத்த சைவம் மேடம், பயப்படாம சாப்பிடுங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

பத்து நிமிடம் ஆகவில்லை. பையன் தொண்டையைத் தடவ ஆரம்பித்தான். பிறகு இருமல். ஆட்டோவில் போகும்போது அவன் நெஞ்சு உள்வாங்கி உள்வாங்கி எழுந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. மருத்துவமனையில் தொடையில் அட்ரீனலின் ஊசி போட்டார்கள். பிழைத்தான். மறுநாள் என் இணையர் அந்த ஓட்டலுக்குப் போய்க் கேட்டபோது சமையல்காரர் சாதாரணமாகச் சொன்னார்: தேங்காய் விலை ஏறிவிட்டது, கெட்டியாக இருப்பதற்குக் கொஞ்சம் பால் ஊற்றுவோம் என்று.

அந்தச் சப்ளையர் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். 'சுத்தம்' என்றால் எல்லோருக்கும் எல்லாமும் சரி என்று அவரை நம்ப வைத்திருக்கிறார்கள். நான் கேட்டது உணவில் என்ன இருக்கிறது என்று. அவர் பதில் சொன்னது அந்த ஓட்டலில் யார் சமைக்கிறார்கள், எது உள்ளே வராது என்று. என் கேள்விக்கும் அவர் பதிலுக்கும் நடுவில்தான் தோழர்களே, என் பையனின் மூச்சு சிக்கிக்கொண்டது.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது? நம் இயக்க வரலாறு தெரிந்தவர்களுக்குப் புதிதில்லை. தென்னிந்திய இரயில்வேயின் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவர்க்குத் தனி இடம் என்று இருந்தது. பெரியாரும் தோழர்களும் விடாமல் எதிர்த்து 1941இல் அது ஒழிந்தது. பிறகும் ஓட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னால் மறியல் தொடங்கியது. நாள்தோறும் தோழர்கள் போய்க் கைதானார்கள். அடுத்த ஆண்டுதான் அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கியது. ஒரு சொல்லை இறக்க அத்தனை மாதம், அத்தனை பேர் சிறை. 'ஓட்டல் பலகைக்கா இவ்வளவு போராட்டம்' என்று அன்றைக்கும் கேலி பேசியவர்கள் உண்டு.

அந்தச் சொல் இறங்கியது. அந்த இடத்தில் என்ன ஏறியது என்று பாருங்கள். 'உயர்தர.' 'சுத்த.' காய்கறியில் என்ன உயர்தரம்? கத்தரிக்காய் தரம் உயர்ந்தது என்றால் சந்தைக்காரர் சொல்லட்டும். சைவ ஓட்டல் நடத்துகிற எல்லோரும் ஜாதி பார்க்கிறவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பலருக்கு அது வெறும் வியாபாரச் சொல். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனதில் ஓடுகிற படம் இருக்கிறதே, அது வியாபாரம் இல்லை.

சரி, அந்தத் தாவர உணவகத்துக்கு வருகிறேன்.

தென்சென்னையில் ஒரு சிறிய கடை. இதற்கும் பெயர் வேண்டாம். ஒரு தோழியின் பிறந்தநாளுக்காகப் போனோம். உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, 'யாருக்காவது ஏதாவது அலர்ஜி இருக்கா?' என்பதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது ஆண்டுகளில் ஒரு ஓட்டலில் என்னைக் கேட்காமலே அவர்களாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் நேராகக் கட்டம் போட்டிருந்தார்கள்: நிலக்கடலை, முந்திரி, எள், சோயா, கோதுமை. எது இருக்கிறது, எது அதே எண்ணெய்ச் சட்டியில் பொரிகிறது என்று தனித்தனியாக. வடை பொரித்த எண்ணெயில் வேறு எதைப் பொரித்தாலும் முன்னதின் புரதம் பின்னதில் ஒட்டும், சூட்டில் அது செத்துப் போகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பெருங்காயத்தைப் பற்றி அவர்கள் சொன்னதுதான் எனக்குப் புதிது. நாம் கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவர்கள் அரிசிச் சோறுதானே என்று நம்பிச் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டு நோய் வாங்குவார்கள். அந்தக் கடையில் அரிசி மாவில் கலந்த பெருங்காயத்தைத் தேடி வாங்குகிறார்கள். கோதுமை தோசைக்குத் தனிக் கல், தனித் திருப்பி. என் மகன் வாழ்க்கையில் முதல் முறையாகக் கடையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டான், தேங்காய்ப்பாலில் செய்தது. இரண்டு கிண்ணம். 'அம்மா, இதுல பால் இல்லன்னு எழுதியிருக்கா?' என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் கரண்டியை எடுத்தான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வரவேண்டிய கேள்வியா அது?

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி பத்துக் கிளைகளும் அதற்கு மேலும் வைத்திருக்கிற உணவகங்கள் ஒவ்வாமை தரும் பொருள்களைத் தெரிவித்தாக வேண்டும். குளூட்டன் உள்ள தானியம், நண்டு இறால் வகை, முட்டை, மீன், கடலையும் கொட்டைகளும், சோயா, பால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்பைட். இதுதான் பட்டியல். இந்தக் கடைக்கு ஒரே கிளை. சட்டம் கட்டாயப்படுத்தாததை அவர்களாகச் செய்கிறார்கள். நம் பொட்டலங்களில் இருக்கிற பச்சைப் புள்ளி என் மகனுக்கு எந்த வகையிலும் உதவாது என்பதையும் கவனியுங்கள். பால் இருந்தாலும் பச்சைப் புள்ளிதான். அந்தப் புள்ளி என் பிள்ளையின் உடம்புக்காக வைத்ததில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் அந்தக் கடையைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

கை கழுவப் போனேன். கழுவும் இடம் பின்பக்கம். அங்கே ஒரு கதவு திறந்திருந்தது, வெளியே சந்து. சந்தில் காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் ஒரு அக்கா உட்கார்ந்து டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் குப்பைத் தொட்டி, ஒரு பூனை. கருவாட்டு வாசம் வந்தது. 'என்னக்கா வெயில்ல உட்கார்ந்து சாப்பிடுறீங்க?' என்றேன். 'உள்ள கொண்டார கூடாதும்மா. கவுச்சி. வெளிய சாப்ட்டு, வாயக் கொப்புளிச்சிட்டுத்தான் உள்ள போணும்' என்றார். பாத்திரம் கழுவுகிறவர். கண்ணகி நகரிலிருந்து வருகிறார். 'மழ வந்தா?' 'மழ வந்தா சாப்பாடு இல்ல, டீதான்' என்று சிரித்தார்.

உரிமையாளரிடம் போனேன். இளைஞர், படித்தவர், நல்லவர். நான் சண்டைக்குப் போகவில்லை. அவர் உடனே சொன்ன பதில் இதுதான்: 'மேடம், மீனும் அலர்ஜி லிஸ்ட்ல இருக்கு. உங்க பையனைப் போல மீன் ஒத்துக்காத பிள்ளை வந்தா? நான் ரிஸ்க் எடுக்க முடியாது.'

யோசித்துப் பாருங்கள், பாதி நியாயம் இருக்கிறது. மீன் ஒவ்வாமையும் உயிர் போகிற விசயம்தான். சமையலறைக்குள் மீன் வரக்கூடாது என்றால் ஒரு தாயாக நானே கையெழுத்துப் போடுவேன். அதனால் கொஞ்ச நேரம் வாயடைத்து நின்றேன். பிறகு கேட்டேன். 'ஆட்டுக்கறி கொண்டுவந்தால் உள்ளே விடுவீர்களா? அது அந்தப் பட்டியலில் இல்லையே?' அவர் பேசவில்லை. அந்த நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்திருந்த மேலாளர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து வாங்கி வந்த தேநீர், கண்ணாடித் தம்ளரில். பால் போட்ட தேநீர். 'தம்பி, அது என் பையனைக் கொல்லக்கூடியது. அது உள்ளே, கல்லா மேசையில் இருக்கிறது. அக்காவின் கருவாடு வெளியே, சந்தில் இருக்கிறது. எந்தப் பட்டியல்படி இது?' என்றேன்.

தோழர்களே, அவர் முகம் வெளுத்ததை நான் வெற்றியாகச் சொல்லவில்லை. அவர் ஜாதி பார்த்து அந்த விதியைப் போடவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். அவர் அதை யோசித்தே போடவில்லை. கவுச்சி வெளியே, பால் உள்ளே என்பது நம் நாட்டில் யாரும் யோசிக்காமலே போடுகிற விதி. அவர் எழுதிய கட்டங்களெல்லாம் அறிவியல். எழுதாத ஒரே கட்டம் மநுவினுடையது.

தொட்டால் ஒட்டுகிறது என்பதில் இரண்டு வகை உண்டு. கடலைப் புரதம் கையில் ஒட்டும். சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். சானிடைசர் தடவினால் போகாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அது யார் கை என்று அந்தப் புரதம் கேட்காது. மருத்துவர் கையானாலும் ஒட்டும், அர்ச்சகர் கையானாலும் ஒட்டும், கழுவினால் இருவர் கையிலிருந்தும் போகும். இன்னொரு ஒட்டல் இருக்கிறதே, அது எத்தனை சோப்புக்கும் போகாது. காலையில் வீட்டில் கருவாடு சாப்பிட்டுவிட்டு வந்தால் தெரியாது, மதியம் டப்பாவில் கொண்டுவந்தால் தெரியும் என்று அதற்கு ஒரு கணக்கு வேறு. முந்தின இரவு பிரியாணி சாப்பிட்ட வாடிக்கையாளரை யாரும் வாய் கொப்பளிக்கச் சொல்வதில்லை. பணம் கொடுக்கிற வாய்க்குத் தீட்டு இல்லை.

படித்தவர்களிடம் இது வராது என்று நினைக்காதீர்கள். 2018இல் சென்னை ஐஐடி உணவுக்கூடத்தில் சைவருக்குத் தனி வாசல், தனிக் கை கழுவும் தொட்டி என்று சுவரொட்டி ஒட்டினார்கள். மாணவர்கள் அதைப் படமெடுத்து வெளியிட்ட பிறகுதான் எடுத்தார்கள். 2023இல் மும்பை ஐஐடியில் சைவர்க்கு மட்டும் என்று ஒதுக்கிய மேசையை எதிர்த்த மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். 2024 மார்ச்சில் ஒரு உணவு விநியோக நிறுவனம் சைவச் சாப்பாட்டுக்குப் பச்சைச் சட்டை போட்ட தனி ஆட்கள் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் மறுநாளே பச்சைச் சட்டையைக் கைவிட்டது. எந்த வீட்டுக்குச் சிவப்புச் சட்டை வருகிறது என்று தெருவே பார்க்கும், வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்பது அவர்களுக்கு அறிவித்த பிறகுதான் உறைத்தது. இந்த மூன்றிலும் யாருடைய ஒவ்வாமையும் பேச்சில் இல்லை.

தாவர உணவு நமக்கு எதிரி இல்லை. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். புலால் மறுத்தவர் அவர். புலால் உண்பவரைப் 'புற இனத்தார்' என்று பிரித்துத்தான் பார்த்தார், அதில் நமக்கு முரண்பாடு உண்டு. ஆனால் பசி என்று வந்தால் நீ என்ன ஜாதி, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று அந்த அடுப்பு கேட்கவில்லை. இன்றைக்கும் அங்கே அடுப்பு எரிகிறது. அந்தச் சந்தில் உட்கார்ந்த அக்காவுக்கு வடலூரில் பந்தியில் இடம் உண்டு.

இன்னொன்று. அந்தக் கடைப் பட்டியலில் கம்பங்கூழ் இருந்தது, மண் குவளையில், வெங்காயத்தோடு, 180 ரூபாய். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து கூழுக்கு மவுசு. என் பாட்டி களத்துமேட்டில் கையை ஏந்திக் குடித்த கூழ் அது. அவருக்குக் குவளை கொடுக்கவில்லை, மேலேயிருந்து ஊற்றினார்கள். குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, முருங்கைக்கீரை எல்லாம் காசில்லாதவர் வரப்பில் பறித்துத் தின்றது. எது எந்த மண்ணில் முளைக்கும், எது எந்த வயிற்றுக்கு ஆகும் என்ற அறிவு அந்த அக்காக்களிடம் இருக்கிறது. அந்தக் கடையில் அவரைப் பாத்திரம் கழுவத்தான் வைத்திருக்கிறார்கள். நான் அவரிடம் பேசிய ஐந்து நிமிடத்தில் பண்ணைக்கீரையைக் கடைவதற்கு இரண்டு வழி சொன்னார்.

நம்மைப் பற்றியும் பேச வேண்டும். நம் இயக்க நிகழ்ச்சிகளில் பிரியாணி போடுகிறோம், மகிழ்ச்சி. தயிர்ப் பச்சடி கையாலேயே பிரியாணிக் கரண்டியைத் தொடுவார்கள். என் பையன் டப்பாவில் கொண்டுவந்த சாப்பாட்டை ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவான். 'என்னடா தம்பி, பால் குடிக்காத பிள்ளையா நீ, இதெல்லாம் பணக்கார வியாதி' என்று ஒரு மூத்த தோழர் அவன் முதுகில் தட்டினார். அன்பாகத்தான். ஆனால் பையன் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வர மாட்டேன் என்கிறான். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று நூறு ஆண்டாகப் போராடுகிறோம். அந்தப் பந்தியில் யாருக்கு எது ஒத்துக்காது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் குறைந்து போவோமா? கரண்டிக்கு ஒரு கரண்டி தனியாக வைத்து, என்ன போட்டுச் சமைத்தோம் என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்டினால் போதும். இன்றைக்கு இங்கே மதிய உணவுக்கு அந்த அட்டையை ஒட்டியிருக்கிறார்கள், பார்த்தேன். ஏற்பாட்டுத் தோழர்களுக்கு நன்றி.

1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், பிறகு 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது, உணவகத்துக்குள் விடாமல் தடுப்பதையும் அங்கிருக்கிற பாத்திரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் தீண்டாமையின் பேரால் செய்தால் குற்றம் என்கிறது. அது சாப்பிட வருகிறவரைப் பற்றித்தான் நினைத்தது. கழுவ வருகிறவர் தன் சோற்றை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார் என்று அது கேட்கவில்லை. நாம் எந்த உணவகத்துக்குப் போனாலும் கேட்கலாம். 'இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்' என்று கேட்கிற அதே மூச்சில், 'உங்கள் ஆட்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்' என்று கேளுங்கள். சப்ளையர் தம்பி விழிப்பார். விழிக்கட்டும்.

போன வாரம் மறுபடி அந்தக் கடைக்குப் போனோம். பையனுக்கு ஐஸ்கிரீம் வேண்டுமாம். பின்பக்கம் சரக்கு வைத்திருந்த அறையைக் காலி செய்து ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு மின்விசிறி போட்டிருக்கிறார்கள். வாசலில் கை கழுவக் குழாய், சோப்பு. கருவாடோ பால் தேநீரோ, கொண்டுவந்தால் அங்கே சாப்பிட்டுவிட்டுக் கையும் வாயும் கழுவிவிட்டுத்தான் யாரும் சமையலறைக்குள் வர வேண்டும், உரிமையாளர் உட்பட. நல்ல விதி. அக்கா மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்திருந்தார். 'எல்லாரும் இங்கதான் சாப்பிடுறாங்களாக்கா?' என்று கேட்டேன்.

'ஓனர் தம்பி ரெண்டு நாள் வந்து ஒக்காந்துச்சு' என்றார். 'மேனேஜர் மட்டும் இன்னும் வரல. டீயையே விட்டுட்டாராம்.'